கட்டுக்கு இருபத்தைந்து

முக்கூடல் பக்கத்துப் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து வருகிறேன். எங்கள் பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் பீடி சுற்றுகிறவர்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் தயாராகும். பள்ளி விட்டதும் அம்மாவுக்குப் பீடியின் முனை மடக்கிக் கொடுக்க உட்காரும் பிள்ளைகளின் பெயர்களே அதில் மிகுதி.

பட்டியலில் சேர்ந்த பிள்ளைக்கு நாங்கள் கற்பிக்கும் முறையே மாறிவிடுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. நூறு மதிப்பெண் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14; செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எட்டெட்டாக 16. இந்த முப்பதையும் மனப்பாடத்தாலும் கைப்பழக்கத்தாலும் தேற்றிவிட்டால், தேர்ச்சிக்குரிய 35-க்கு இன்னும் ஐந்துதான் தேவை. ஆகவே இயற்கணிதத்தை ஒதுக்கிவிட்டு, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதையே மாலை வகுப்பு முழுவதும் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளிருக்கும் பிள்ளைக்குக் காரணம் விளங்குகிறது. இல்லாத பிள்ளைக்கு ‘இப்படி எழுது’ என்பது மட்டுமே கிடைக்கிறது. மதிப்பெண் வேறுபாட்டில் பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே பங்கு அதிகம் என்று 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான ஆய்வு கூறியது. அந்தப் பின்னணி வகுப்பறைக்குள்ளும் நுழைந்து பாடம் நடத்தும் முறையையே தீர்மானிப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். பல ஆண்டுகள் நானும் அதற்கு உடன்பட்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு அந்தப் பட்டியலில் இருந்த மாணவி ஒருத்தி, எளிய சமன்பாடு ஒன்றைத் தொடாமலே விட்டிருந்தாள். கட்டுக்கு 25 பீடி என்பது அவளுக்குத் தெரியும்; 650 பீடிக்கு எத்தனை கட்டு என்று கேட்டேன்.

“இருபத்தாறு சார்.”

“எப்படிம்மா?”

“நூத்துக்கு நாலு கட்டு. அறநூத்துக்கு இருபத்துநாலு, அம்பதுக்கு ரெண்டு.”

கடையில் சரியில்லை என்று மூன்று கட்டைக் கழித்த பிறகு 800 பீடி தேறியதென்றால் கொண்டுபோனது எத்தனை கட்டு என்றேன். முப்பத்தைந்து என்றாள். கரும்பலகையில் 25(எக்ஸ் − 3) = 800 என்று எழுதினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்போ எக்ஸுன்னா கட்டா சார்?” என்று கேட்டாள்.

புதிதாகக் கற்பவருக்கு முழுதும் செய்துகாட்டிய கணக்கே அதிகம் உதவும் என்பதைக் கல்வி உளவியலாளர் ஜான் சுவெல்லர் 1980-களில் இயற்கணிதத்தைக் கொண்டே காட்டினார். அதன்படி முதலில் ஒரு கணக்கை முழுதும் செய்துகாட்டுகிறேன், அடுத்ததில் கடைசி வரியை விடுகிறேன், அதற்கடுத்ததில் இரண்டு வரிகளை விடுகிறேன். பீடிக்கடைக்குப் போகவேண்டிய பிள்ளைகள் மாலையில் தங்க முடியாது என்பதால், இந்த ஆண்டு அந்த வகுப்பைக் காலை எட்டரைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன்.