யானைக்கு உபயம் கிடைக்கும், தீனிக்கு?

இங்கே சிங்கப்பூரில் எங்கள் சங்கத்தில் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கலாம் என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர்களின் குடும்பப் படங்கள், வேலை அட்டைகள், ஊருக்கு எழுதி அனுப்பாமலே விட்ட கடிதங்கள். பொருள் நிறையச் சேர்ந்துவிட்டது. பணம் கேட்டுப் போனபோதுதான் வேடிக்கை. திறப்பு விழாச் சாப்பாட்டை ஒரு அண்ணன் ஏற்றுக்கொண்டார், மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரை இன்னொருவர் (அவர் படமும் இருக்க வேண்டும், கொஞ்சம் பெரிதாக). பழைய படங்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்க காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஒரு டீஹியூமிடிஃபையரும் அமிலமில்லாத அட்டைப் பெட்டிகளும் வேண்டும், மொத்தமே 900 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) என்று நான் சொன்னதும் எல்லாரும் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள்.

கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற கதை நமக்குப் பழகியதுதான். தேக்காவை, அதாவது நம் லிட்டில் இந்தியாவைத் தாண்டியும் இதே கதைதான் என்று எனக்கு உறைத்தது நியூயார்க்கில்.

2024ல் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மெட் என்கிற மெட்ரோபாலிட்டன் கலை அரும்பொருளகத்தில், அந்நகரத்துக் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் எழுந்த கலை அலையான ஹார்லெம் மறுமலர்ச்சி பற்றிய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. 1920களிலும் அதற்குப் பிறகும் கறுப்பினக் கலைஞர்கள் வரைந்தவை, செதுக்கியவை, எடுத்த படங்கள் என்று ஏறத்தாழ 160 படைப்புகள். ஆதரவாளர் பட்டியலில் ஃபோர்டு அறக்கட்டளையின் பெயர் இருந்தது. நான் சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன், அதனால் ஓவியத்தைப் பார்த்ததும் அது எங்கிருந்து வந்தது, யார் பெட்டி கட்டினார்கள், காப்புறுதி எவ்வளவு என்றுதான் முதலில் தோன்றும். யார் இரவல் கொடுத்தது என்று பக்கத்தில் ஒட்டியிருந்த சிட்டைகளைப் படித்துக்கொண்டே போனேன். ஃபிஸ்க், ஹாம்ப்டன், ஹோவர்ட், கிளார்க் அட்லாண்டா. எல்லாமே கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரிகள், பெரும்பாலும் பணமில்லாத கல்லூரிகள். இதே மெட் 1969ல் ஹார்லெம் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தது, புகைப்படங்கள் இருந்தன, ஹார்லெம் ஓவியர்களின் ஓவியம் ஒன்றுகூட இல்லை, வாசலில் கலைஞர்கள் மறியல் செய்தார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் கண்டுகொள்ளாத காலத்தில் இந்தச் சொத்தையெல்லாம் காப்பாற்றி வைத்தவர்கள் ஏழை வீட்டுக்காரர்கள்.

அந்தக் கல்லூரிகளுக்கு இவை எப்படிப் போய்ச் சேர்ந்தன? பலவற்றுக்குக் காரணம் ஹார்மன் அறக்கட்டளை. 1920களின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைக்கார நில வணிகர் தொடங்கியது. 1926லிருந்து கறுப்பினக் கலைஞர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள், ஊர் ஊராகக் கண்காட்சி அனுப்பினார்கள். நல்ல காரியந்தான், ஆனால் ரோமேர் பியர்டன் என்ற இளம் ஓவியர் 1934லேயே எழுதிவிட்டார், நீங்கள் செல்லம் கொடுத்தே தரத்தைக் கெடுக்கிறீர்கள் என்று. பணம் வாங்குகிற பக்கம் நின்றுகொண்டு இப்படிச் சொல்லத் தனித் தைரியம் வேண்டும். நான் பேனர்க்காரரிடம் வாயைத் திறக்கவில்லை. 1967ல் அறக்கட்டளை மூடப்பட்டது. ஓவியங்களை வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் அரும்பொருளகங்களுக்கும் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

ஃபிஸ்க் கதை இன்னும் சுவாரசியம். 1949ல் ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப், மறைந்த கணவரும் புகைப்படக் கலைஞருமான ஸ்டீக்லிட்ஸின் சேகரிப்பிலிருந்து, தன்னுடையதையும் சேர்த்து, 101 படைப்புகளை அந்தக் கல்லூரிக்குக் கொடுத்தார். பிக்காசோ, செசான், ரெனுவார் எல்லாம் உண்டு. விற்கக் கூடாது என்பது நிபந்தனை. யானையைக் கொண்டுவந்து முற்றத்தில் கட்டியாயிற்று, தீனி? 2005ல் கல்லூரி பணமுடையில் இரண்டு ஓவியங்களை விற்கப் பார்த்ததும் வழக்காகி வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2012ல் வால்மார்ட் குடும்பத்து ஆலிஸ் வால்டன் உருவாக்கிய கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அரும்பொருளகம் 30 மில்லியன் டாலர் கொடுத்துப் பாதிப் பங்கு வாங்கியது. இப்போது இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே என்று சேகரிப்பு மாறிமாறிப் போகிறது. ஓ'கீஃபின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடவே காவலாளிக்கும் குளிர்சாதனத்துக்கும் ஒரு நிதி வைத்திருந்தால் கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டாம்.

தீனியையும் யோசித்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எபனி, ஜெட் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகைகளை நடத்திய ஜான்சன் நிறுவனம் திவாலானபோது, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் ஏலத்துக்கு வந்தன. 2019ல் ஃபோர்டு, மெலன், மெக்கார்தர், கெட்டி என்ற நான்கு அறக்கட்டளைகளும் சேர்ந்து 30 மில்லியன் டாலருக்கு வாங்கிப் பொது உடைமையாக்கின. அதற்குப் பிறகு அவற்றை அடுக்கி, பட்டியலிட்டு, எண்ணிம வடிவில் ஏற்ற கெட்டி இன்னொரு 30 மில்லியன் ஒதுக்கியது. யானை வாங்கிய அதே விலைக்குத் தீனி! இதைப் படித்த அன்று சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது, அதுவும் என் மனைவியிடமிருந்து.

சிங்கப்பூரில் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனால் டிபிஎஸ் வங்கியின் பெயரில் ஒரு காட்சிக்கூடம், யூஓபி வங்கியின் பெயரில் இன்னொன்று. எனக்கு அதில் கோபமில்லை, பெயர் போட்டால்தான் பணம் வரும் என்றால் போட்டுவிட்டுப் போகட்டும். அரசாங்கமும் தாராளம்தான்: தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கு 1,000 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 2,500 கழித்துக்கொள்ளலாம், கலை மரபுடைமை நன்கொடைகளுக்கு வெள்ளிக்கு வெள்ளி ஈடு கொடுக்கும் நிதியும் 2013லிருந்து இருக்கிறது. எங்களைப் போன்ற சின்னச் சங்கங்களுக்கு அந்தத் தகுதி இல்லை, அதற்கு விண்ணப்பிக்கக் கணக்குத் தணிக்கை, ஆட்சிக்குழு என்று ஆயிரம் இருக்கிறது, அதைச் செய்ய ஆள் வேண்டும், ஆளுக்குப் பணம் வேண்டும். சரி, சுற்றிச் சுற்றி அதே தீனி.

போன வாரம் ஒரு அத்தை, கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், டீஹியூமிடிஃபையரை வாங்கிக் கொடுத்துவிட்டார். பெயரை எங்கே போடட்டும் என்று கேட்டேன். "அந்தப் பெட்டி மேல எதுக்குப்பா, படத்துல அவரு பேரைச் சரியா எழுதுங்க போதும்" என்றார். பட்டியலில் பார்த்தால் அவர் பெயரை நாங்கள் தப்பாகத்தான் எழுதி வைத்திருந்தோம்; திருத்திவிட்டேன்.

இயந்திரம் நன்றாக ஓடுகிறது. ஈரம் இவ்வளவு இருக்கிறது நம் ஊரில், தண்ணீர்த் தொட்டி ஒரே நாளில் நிரம்பி நின்றுவிடுகிறது. தினமும் யாராவது போய்க் கொட்ட வேண்டும். செவ்வாய், வியாழன், சனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற நாட்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.