அம்புவாஸ்: லுவார் ஆற்றங்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் பாரிஸில் வாழும் நம்மவர்கள் அவர்களை முதலில் ஈஃபில் கோபுரத்துக்கும் பிறகு வெர்சாய் அரண்மனைக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கு அவை இரண்டும் ஏற்கெனவே பழகிவிட்டன என்பதாலும், குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை முடிய இன்னும் சில நாட்களே இருந்ததாலும், இம்முறை லுவார் ஆற்றங்கரையில் உள்ள அம்புவாஸ் நகருக்குக் குடும்பத்தோடு ஒரு நாள் சென்று வரலாம் என்று என் மனைவி யோசனை சொன்னாள். பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து இடையில் வண்டி மாறாமல் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய ஊர் அது.

ரயில் நிலையம் ஆற்றின் வடகரையிலும் பழைய நகரம் தென்கரையிலும் இருக்கின்றன. நிலையத்திலிருந்து நேராக நடந்தால், ஆற்றின் நடுவிலுள்ள இல் தோர் தீவைத் தொட்டுச் செல்லும் பாலத்தின் மீது வந்து சேர்கிறோம். வாடகைக் காரில் ஏறிக் கோட்டை வாசலில் போய் இறங்குவதைவிட இந்தப் பாலத்தை நடந்தே கடப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. வெண்ணிறக் கல்லில் கட்டப்பட்ட அரச மாளிகையும், அதைத் தாங்கி நிற்கும் நெடிய மதில்களும், அவற்றின் காலடியில் சாம்பல் நிறச் சிலேட்டுக் கூரைகளோடு நெருங்கி அமர்ந்திருக்கும் வீடுகளும் பாலத்திலிருந்து பார்க்கும்போதுதான் ஒரே பார்வையில் அகப்படுகின்றன.

1,012 கிலோமீட்டர் நீளமுள்ள லுவார், பிரான்சின் மிக நீண்ட ஆறு. கோடையில் நீர் வடிந்து மணல் திட்டுகள் தலைகாட்டும்போது நம் கொள்ளிடத்தைப் பார்ப்பது போலவே இருக்கிறது. ஆழம் குறைந்த இந்த ஆற்றில் செல்வதற்கென்றே அடிப்பாகம் தட்டையான படகுகளைக் கட்டி, அவற்றில் சதுரப் பாய் விரித்து, உப்பையும் திராட்சை மதுவையும் சிலேட்டுக் கற்களையும் பல நூற்றாண்டுகளாக ஏற்றிச் சென்றிருக்கிறார்கள். 1846-இல் ஓர்லெயானிலிருந்து தூர் நகர் வரை ரயில் பாதை திறக்கப்பட்டபின் அந்தப் படகு வாணிகம் விரைவில் நலிந்து போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் பெருவெள்ளமும் வந்தது. 1856-இலும் 1866-இலும் மீண்டும் வந்தது. இன்று அமைதியாகத் தெரியும் இந்த ஆற்றின் இரு மருங்கிலும் இவ்வளவு உயரமான கரைகள் ஏன் எழுப்பப்பட்டுள்ளன என்பது இந்த ஆண்டுகளை அறிந்தால்தான் விளங்கும்.

ஞாயிறு காலையில் ஆற்றோரத்தில் பெரிய சந்தை கூடுகிறது. நாங்கள் காலை உணவை அங்கேயே முடித்துக்கொண்டோம். சூடான அடுப்பில் உப்பிவரும் ஃபுவே என்னும் சிறு ரொட்டியைப் பிளந்து, உள்ளே வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி வைத்துத் தருகிறார்கள். சைவ உணவு மட்டுமே உண்ணும் அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இந்தப் பகுதிக்கே உரிய சேன்த் மோர் என்னும் பாலாடைக்கட்டி, சாம்பல் பூசிய சிறு உருளை வடிவில் இருக்கும். அதன் நடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு வைக்கோல் தண்டு செருகப்பட்டிருக்கும். கடைக்காரப் பெண்மணி அந்தத் தண்டை மெல்ல உருவி என் மகளின் உள்ளங்கையில் வைத்தார். மென்மையான கட்டி உடைந்துவிடாமல் தாங்குவதற்காகச் செருகப்படும் அந்த மெல்லிய தண்டின் மீது, கட்டியின் பெயரும் தயாரித்தவரின் அடையாள எண்ணும் பொடி எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தன. தண்டில் எழுத்து இருந்தால்தான் அது உண்மையான சேன்த் மோர் என்று அவர் சொல்லித் தந்ததை மகள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

முழங்கால் வலியுள்ள அம்மாவை இத்தனை உயரமான கோட்டைக்கு எப்படி அழைத்துச் செல்வது என்ற கவலை எனக்கு இருந்தது. ஆனால் வாயிலிலிருந்து மேலே செல்வது ஒரு சரிவுப் பாதை. ஊருக்குள் இறங்கி வரும் உர்தோ கோபுரத்தின் உள்ளேயும் படிக்கட்டு கிடையாது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எட்டாம் சார்ல் மன்னன் எழுப்பத் தொடங்கிய இந்த அகன்ற கோபுரங்களின் உட்புறம் முழுவதும், குதிரைகளும் வண்டிகளும் ஆற்று மட்டத்திலிருந்து அரண்மனை முற்றம் வரை ஏறி வருவதற்காக, சுழன்று சுழன்று செல்லும் சாய்தளமாகவே அமைந்திருக்கிறது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்தார். வளைவுகளைத் தாங்கும் கற்களில் செதுக்கப்பட்டுள்ள வேடிக்கையான மனித உருவங்களை ஒவ்வொன்றாகப் பேரனுக்குக் காட்டினார்.

இதே அரண்மனையில் பிறந்த எட்டாம் சார்ல், பந்தாட்டம் பார்க்க விரைந்தபோது தாழ்வான வாயில் நிலையில் தலை மோதி, 1498-இல் தமது இருபத்தேழாம் வயதில் இங்கேயே இறந்தார். 1560-இல் இளம் அரசரைக் கைப்பற்றச் சதி செய்ததாகப் பிடிபட்ட சீர்திருத்தக் கிறித்தவர்கள் பலர் கொல்லப்பட்டு, இம்மாளிகையின் மாடத்திலேயே தொங்கவிடப்பட்டனர். அன்றைய கட்டடங்களில் ஐந்தில் ஒரு பங்குதான் இன்று எஞ்சியுள்ளது என்பதால், பரந்த வெளிக்கு நடுவே நிற்கும் மாளிகையைக் கண்டு இதுதான் முழுக் கோட்டை என்று எண்ணிவிடக் கூடாது.

பெரும்பாலோர் நேராகச் செல்வது மதிலோரத்தில் நிற்கும் புனித உபேர் சிற்றாலயத்துக்குத்தான். லியொனார்டோ டா வின்சியின் கல்லறை அங்கே இருக்கிறது. 1519 மே 2 அன்று இறந்த அவரை முதலில் அடக்கம் செய்தது இக்கோட்டைக்குள் இருந்த வேறொரு தேவாலயத்தில். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. 1863-இல் அந்த இடத்தைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகள் அவருடையவையாக இருக்கலாம் என்று கருதப்பட்டு, பின்னர் இச்சிற்றாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. உள்ளே மக்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நின்று வணங்கவும் இடம் போதவில்லை.

அங்கிருந்து சற்றுத் தள்ளித் தோட்டத்தின் மேற்பகுதிக்குச் சென்றால் ஆளரவமே இல்லை. புல்வெளியில் அரபு எழுத்துகள் பொறித்த சிறு கற்கள் வரிசையாக நிற்கின்றன. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையெடுப்பைப் பல்லாண்டுகள் எதிர்த்துப் போரிட்ட அமீர் அப்துல் காதிர், எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கோ, கிழக்கு மத்தியதரைக் கடலோரத்து அக்கா (ஏக்கர்) நகருக்கோ செல்ல விடுவோம் என்ற வாக்குறுதியை நம்பி 1847 டிசம்பரில் சரணடைந்தார். பிரான்ஸ் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. தூலோன், போ ஆகிய ஊர்களில் அடைத்து வைத்தபின், 1848 நவம்பரில் அவரையும் அவருடைய பெரிய குடும்பத்தையும் பரிவாரத்தையும் இக்கோட்டைக்குக் கொண்டுவந்தது. வெயிலில் வாழ்ந்து பழகிய அந்த மக்கள் குளிரும் ஈரமும் நிறைந்த இந்தக் கற்சுவர்களுக்குள் நான்கு குளிர்காலங்களைக் கழிக்க நேர்ந்தது. அவர்களுள் 25 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, இங்கேயே இறந்து இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டனர். 1852 அக்டோபரில், அப்போது பிரான்சின் அதிபராக இருந்த லூயி நெப்போலியன் நேரில் வந்து விடுதலையை அறிவித்தார். பிறகு டமாஸ்கஸில் குடியேறிய அமீர், 1860-இல் அங்கு கலவரம் மூண்டபோது ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைத் தம் பாதுகாப்பில் வைத்துக் காப்பாற்றினார்.

இங்கு இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லாக இந்த நினைவிடத்தை அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் கொரைஷி 2005-இல் அமைத்தார். கற்கள் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தவை. குனிந்து பார்த்தால், வெளிறிய கல்லின் ஓரங்களில் பாசி படர ஆரம்பித்திருப்பது தெரிகிறது. நான் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “குழந்தைங்க என்னப்பா தப்பு பண்ணுச்சு?” என்றார். என்னிடம் பதில் இல்லை. 2022 பிப்ரவரியில் இந்நகர ஆற்றோரத்தில் அமீரின் நினைவாக நிறுவப்பட்ட எஃகுச் சிற்பம் திறப்பு விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு சிதைக்கப்பட்டதையும், விழாவை நிறுத்தாமல் நடத்தினார்கள் என்பதையும் மகளிடம் சொன்னேன். லியொனார்டோவின் கல்லறைக்கு வருபவர்கள் இன்னும் சில நிமிடங்கள் நடந்து இந்தக் கற்களையும் பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். விருந்தினராக வந்த லியொனார்டோவுக்கு இந்தக் கோட்டை அளித்த மதிப்பையும், கைதியாக வந்தவர்களுக்கு அது செய்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் அம்புவாஸைப் பார்த்ததாகும்.

கோட்டையிலிருந்து சில நிமிட நடையில் க்ளோ லூசே மாளிகை வருகிறது. செங்கல்லும் வெண்கல்லும் கலந்து கட்டிய இந்த வீட்டை, அப்போது இருபத்திரண்டே வயதான முதலாம் பிரான்சுவா மன்னர் 1516-இல் லியொனார்டோவுக்கு வாழ்விடமாகத் தந்தார். மறு ஆண்டு அக்டோபரில் இங்கு வந்த இத்தாலியக் கர்தினால் ஒருவரின் செயலர், லியொனார்டோ காட்டிய மூன்று ஓவியங்களைப் பற்றியும், அவருடைய வலக்கை செயலிழந்திருந்ததைப் பற்றியும் தமது நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அறைகள் என் மகனுக்குச் சலிப்பூட்டின. தோட்டத்துக்கு வந்ததும் அவனைப் பிடிக்க முடியவில்லை. லியொனார்டோவின் வரைபடங்களிலிருந்து மனித உயரத்துக்கு மேல் செய்து வைத்துள்ள பொறிகளைத் தொட்டு, சுழற்றி, ஏறிப் பார்க்கலாம். திருகு வடிவப் பறக்கும் பொறியைச் சுற்ற மகனும் மகளும் முறை வைத்துக்கொண்டனர். அமாஸ் என்னும் சிற்றாறு ஓடும் அந்த மரநிழலில் அம்மாவும் என் மனைவியும் கட்டுச்சோற்றைப் பிரித்தனர். சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் நாளின் பெரும்பகுதியை இங்கே ஒதுக்குவது நல்லது.

பிற்பகலில் ஒரு வாடகைக் கார் பிடித்து, நகருக்கு மூன்று கிலோமீட்டர் தெற்கே உள்ள ஷாந்த்லூவுக்குச் சென்றோம். பதினைந்தாம் லூயியின் முதன்மை அமைச்சராக இருந்த சுவாசேல் கோமகன் 1770-இல் பதவி பறிக்கப்பட்டு, இங்கிருந்த தமது மாளிகைக்கு அனுப்பப்பட்டார். அரசவையிலிருந்து விலக்கப்பட்டவரைப் போய்ப் பார்ப்பது அரசரின் கோபத்துக்கு ஆளாக்கும் என்று தெரிந்தும் தம்மைத் தேடி வந்த நண்பர்களுக்கு நன்றியாக, சீனப் பாணியில் ஏழு அடுக்குகளும் 44 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு பகோடாவை எழுப்பினார். மாளிகை 1823-இல் இடிக்கப்பட்டுவிட்டது; பகோடாவும் குளமும் இருக்கின்றன.

புதுச்சேரிக்காரர்களுக்கு இவர் அந்நியர் அல்லர். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். ஏழாண்டுப் போரை முடித்த 1763-ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் கனடாவை இழந்தது. புதுச்சேரியைத் திரும்பப் பெற்றது. அதில் கையெழுத்திட்டவர் இவருடைய உறவினர் பிராலின் கோமகன் என்றாலும், அன்றைய பிரெஞ்சு அரசின் போக்கை வகுத்தவர் சுவாசேலே. மகளுடன் மேல் அடுக்கு வரை ஏறி, காட்டுக்கு அப்பால் லுவார் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு இறங்கியபின் இதை அம்மாவிடம் சொன்னேன். பகோடாவை அவர் மீண்டும் ஒருமுறை அண்ணாந்து பார்த்து, “அப்போ நம்ம ஊருக்கும் இவருக்கும் கணக்கு இருக்குன்னு சொல்லு” என்றார். மாலை வண்டிக்கு நேரமாகிவிட்டதால், தட்டையான படகில் ஆற்றைச் சுற்றிக் காட்டும் பயணத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டோம். அப்போது ஊரில் ஓர் இரவு தங்குவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்.