இடப்பக்கம் சிங்களம், வலப்பக்கம் தமிழ்

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. மட்டை பிய்ந்து, முதுகில் துணி நாடா ஒட்டிய கொப்பி. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் சிவப்புப் பேனையால் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் ஓர் அரசியல்வாதி சிங்களத்தில் சொன்னது. வலப்பக்கம் அதே ஆள் அதே விஷயத்தைத் தமிழருக்கென்று சொன்னது. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்து நான் சேர்த்த சொத்து இதுதான்.

சிங்களம் எனக்குப் படித்து வந்ததில்லை. அப்பா மாத்தறையில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். தெருவில் என்னோடு விளையாடியவர்கள் எல்லாரும் சிங்களப் பிள்ளைகள். 1983 ஜூலையில் கடை எரிந்தது. கொழும்பில் சில நாள் முகாமில் இருந்துவிட்டுக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது மிஞ்சியிருந்தது ஒரு சூட்கேசும் அந்தப் பாஷையும். சூட்கேசின் பூட்டு அன்றே உடைந்துபோயிற்று. பாஷை இவ்வளவு காலமும் சோறு போட்டது.

1989இல் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த வருடமே போர் மறுபடி தொடங்கிவிட்டது. மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒரு பொடியன் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பேசும். சுற்றுகிறவன் களைத்தால் அமைச்சரின் குரலும் சேர்ந்து களைக்கும். கொழும்பின் சிங்களச் செய்தியை அப்படிக் கேட்டு எழுதி, இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசையோடு ஒத்துப் பார்ப்போம். இரண்டும் பொருந்தாத இடங்களைக் குறித்து வைக்கத்தான் கொப்பி வாங்கினேன். பிறகு அது வேறு வேலைக்குப் போய்விட்டது.

கொப்பி வேகமாக நிரம்பியது 2006இல் தொடங்கி 2009இல் முடிந்த நான்காம் ஈழப்போர்க் காலத்தில். 2005 ஓகஸ்டில் வெளிவிவகார அமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டதும் வந்த அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்ட் வரை நின்றது. மாதாமாதம் பாராளுமன்றம் அதை நீடிக்க வேண்டும். எங்கள் மேசையில் அந்த விவாதத்துக்குப் பெயர் மாசியம், செத்தவருக்கு மாதாமாதம் படைக்கிற சடங்கின் பெயர். ஆர் என்ன படைப்பார், ஆர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போவார் என்பது முதலே தெரியும். பிரதமர் எழுந்து அந்த மாதத்துக் கணக்கை வாசிப்பார். கொல்லப்பட்ட புலிகள் இத்தனை, படையினர் இத்தனை, காயப்பட்டவர்கள் இத்தனை. படையினரின் ஷெல்லில் செத்த சனத்துக்கு அதில் நிரல் இல்லை. 2008 கடைசியில் படையினரின் இழப்பைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். போர் முடிந்த பிறகுதான் 6,261 பேர் என்று ஒரே தொகையாகச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு மாத்தறைதான் நினைவுக்கு வந்தது. என்னோடு விளையாடியவர்களின் பிள்ளைகளும் அந்தத் தொகைக்குள் இருந்திருக்கலாம். அவர்களின் தாய்மாருக்கும் கணக்கு மறைக்கப்பட்டுத்தான் இருந்தது.

எதிர்க்கட்சி என்ன செய்தது என்று கேட்பீர்கள். கேலி செய்தது. 2007 ஜூலையில் படையினர் கிழக்கில் புலிகளிடமிருந்து தொப்பிகலவைப் பிடித்தார்கள். எங்கள் சனம் அதைக் குடும்பிமலை என்று சொல்லும். தலைப்பில் எந்தப் பெயரைப் போடுவது என்பதற்கே அரைமணி நேரம் வாக்குவாதம். அரசு அதற்குப் பெருவிழா எடுத்தது. எதிர்க்கட்சித் தலைவர் ரணில் அது வெறும் காடு என்றார். பிறகு இன்னொரு பகிடி வந்தது. அப்போது புலிகளிடமிருந்த ஆனையிறவுக்குச் சிங்களத்தில் அலிமங்கட. கொழும்பில் வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் பாமன்கடை. அலிமங்கடக்குப் போகிறோம் என்று சொல்லிப் பாமன்கடைக்குப் போகிறார்கள் என்பது பகிடி. சிங்களத்தில் சிரிப்பு வரும். தமிழில் அடைப்புக்குள் விளக்கம் எழுதிப் பார்த்தேன், செத்த வீட்டில் விடுகதை போட்டது மாதிரி இருந்தது. ஆசிரியர் வெட்டிவிட்டார். நல்ல காலம்.

அப்படிக் கேலி செய்தவர்களே 2010 ஜனவரியில் அந்தப் போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவை ஜனாதிபதி வேட்பாளராக ஆதரித்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவருக்கே வாக்களிக்கச் சொன்னது. அந்த அறிக்கையை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை, தமிழிலேயே வந்தது. என்றாலும் இரண்டு தரம் வாசித்தேன்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது 2009 தொடக்கம்தான். இரவில் ஊரடங்கு என்பதால் அலுவலகத்திலேயே படுப்போம். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாக வரும் ஏ-9 பாதை பூட்டிக் கிடந்தது, பேப்பருக்குத் தட்டுப்பாடு, பக்கங்களைக் குறைத்திருந்தோம். வன்னியில் புலிகளின் பிடிக்குள் இருக்கிற சனம் எழுபதாயிரம் என்றது அரசு. ஐ.நா. இரண்டரை லட்சம் என்றது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டேன். "அண்ணை, அரிசி அனுப்பிறவையைக் கேளுங்கோ, அறிக்கை விடுறவையைக் கேக்காதேங்கோ" என்றார். அதற்கு மேல் அவரும் வாய் திறக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அது அப்படியான காலம்.

கடைசியில் என்ன போட்டேன்? "வன்னியில் 70,000 பொதுமக்கள் – அரசு தெரிவிப்பு." ஒரு சிறு கோடும் இரண்டு சொல்லும் போட்டால் பொறுப்பு கொழும்புக்குப் போய்விடும் என்பது எங்கள் தொழில் வழக்கம்.

மறுநாள் காலை ஊரடங்கு எடுத்ததும் ஓர் அம்மா வந்தார். கோப்பாய்ப் பக்கம். கையில் குடை, பேப்பர் நாலாக மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள். மரண அறிவித்தல் கொடுக்க வந்தவராக்கும் என்று விளம்பரப் பிரிவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அவர் தலைப்புப் போட்ட ஆளைத்தான் காணவேண்டும் என்றாராம். போனேன்.

"தம்பி, இந்த எழுபதாயிரத்துக்குள்ள எங்கட மகளாக்களும் வருவினமோ?"

அது அரசாங்கம் சொன்ன கணக்கு அம்மா என்றேன்.

"சரி. அப்ப அவையள் போய் எண்ணினவையோ?"

"இல்லை அம்மா."

"எண்ணாததை என்னெண்டு தம்பி போட்டனீங்கள்?"

நான் தெரிவிப்பு என்ற சொல்லைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அந்தச் சொல் தலைப்பில் ஆகச் சின்ன எழுத்தில் இருந்தது. பேப்பரைத் திரும்ப நாலாக மடித்து, பைக்குள் வைத்து, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் குடும்பம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அவர் பிறகு வரவில்லை.

மே மாதத்தில் போர் முடிந்தபோது செட்டிகுளத்து முட்கம்பி வேலிக்குள் வந்து சேர்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்குக் கிட்ட. அந்த முட்கம்பிக்கு உத்தியோகபூர்வப் பெயர் நலன்புரிக் கிராமம். போருக்குப் பெயர் மானுஷீய மெஹெயும, மனிதாபிமான நடவடிக்கை. இரண்டையும் நான்தான் தமிழாக்கினேன், இலக்கணப் பிழை இல்லாமல். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த ஆணைக்குழு முன்னால் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். கச்சேரிகளின் பதிவின்படி 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கழித்தது பிழை என்று யாரும் போட்டுக் காட்டியதை நான் காணவில்லை.

அதே வருடம் ஏப்ரலில் ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை வெளியானது. மருத்துவமனைகள் மீது ஷெல் விழுந்ததும், சனத்தொகையைக் குறைத்துச் சொல்லி உணவும் மருந்தும் குறைக்கப்பட்டதும் அதில் இருந்தன. புலிகள் சனத்தைக் கேடயமாக வைத்ததும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதும், பிள்ளைகளைப் பிடித்துச் சண்டைக்கு விட்டதும் அதே அறிக்கையில்தான் இருந்தன. கொழும்பில் ஒரு பாதியையும் இங்கே மற்றப் பாதியையும் வாசித்தார்கள். நான் இரண்டு பாதியையும் மொழிபெயர்த்தேன். ஒரு பாதி முன்பக்கத்தில் எட்டுப் பத்தி வந்தது. மற்றது உள்பக்கத்தில், சோப்பு விளம்பரத்துக்குக் கீழே.

இவ்வளவு எழுதுகிற எனக்கும் கொப்பியில் ஒரு பக்கம் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். எனக்குச் சேர்ட் தைத்துத் தந்த தையற்காரரும் அன்று போனார். ஒரு சேர்ட் அரைகுறையாகக் கடைக்குள் கிடந்தது. நான் எழுதிய நாலு வரியில் "இடம்பெயர்ந்தனர்" என்று போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதுவிக்கவில்லை. பிடிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கொலைகளுக்கு எங்களிடம் ஒரு சொல் இருந்தது: இனந்தெரியாதோர். ஒழுங்கைக்குள் நின்ற நாய்க்குக்கூட இனம் தெரிந்திருக்கும். நாங்கள் முப்பது வருடமும் இனந்தெரியாதோர் என்றே எழுதினோம், எந்தப் பக்கத்தார் சுட்டாலும்.

கோட்டின் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக வந்த ஆட்களும் இருந்தார்கள். குறைவு. நடராஜா ரவிராஜ் அதில் ஒருவர். யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்து பாராளுமன்றம் போனவர். புலிகளே தமிழரின் ஏகப் பிரதிநிதிகள் என்ற 2004 விஞ்ஞாபனத்தில் நின்று வென்றவர்தான் அவரும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இங்கே தமிழில் கேட்டதைச் சிங்களத் தொலைக்காட்சியில் போயிருந்து சிங்களத்திலேயே கேட்பார். அவரின் சிங்களம் என்னுடையதைவிடக் கரடுமுரடு. என்றாலும் எதிரில் இருக்கிறவருக்கு விளங்காமல் போகாது. 2006 நவம்பர் 10ஆம் திகதி காலை கொழும்பில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். என்ன சொல் போட்டோம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கொப்பியின் கடைசிப் பதிவுகளில் ஒன்று 2017 செப்டெம்பர். புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை வந்தது. நாடு எப்படிப்பட்டது என்ற இடத்தில் சிங்களத்தில் ஏகீய ராஜ்ய, தமிழில் ஒருமித்த நாடு. 1978 அரசியலமைப்பில் அதே ஏகீயவுக்குத் தமிழ் ஒற்றையாட்சி. சிங்களச் சொல் நாற்பது வருடமாக அசையவில்லை, தமிழ்ச் சொல்தான் இடம் மாறியது. தெற்கில் ஒற்றையாட்சி போகவில்லை என்றார்கள். இங்கே ஒற்றையாட்சி போய்விட்டது என்றார்கள். மேசையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை "சேர், இதில எது சரியான மொழிபெயர்ப்பு?" என்று கேட்டாள். என் தொழிலைப் பற்றி அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவள் பிறகும் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினாள்.

2019இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருடப் பொதுத் தேர்தலுக்கு முன் ஒரு வேட்பாளரின் ஆள் வீடு தேடி வந்தார். கொப்பியைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினேன்.

"ஐயா, முழுக்க வேண்டாம். எங்களுக்கு எதிரா நிக்கிறவற்ற பக்கங்களை மட்டும் போட்டோக் கொப்பி எடுத்திட்டுத் தாறன்."

"உங்கட ஆளின்ர பக்கமும் அதில இருக்கு, தம்பி."

"அது தேவையில்லை ஐயா."

அலுமாரித் திறப்பு எங்கேயோ தவறிவிட்டது, கிடைத்தால் சொல்கிறேன் என்றேன். ரெலிபோன் நம்பர் எழுதித் தந்துவிட்டுப் போனார். திறப்பு என் சேர்ட் பைக்குள்தான் கிடந்தது.