செயின்ட் மார்க்ஸ் முனையில் ஒரு பின்னட்டை

நியூயார்க்கில் செகண்ட் அவென்யூவும் செயின்ட் மார்க்ஸ் பிளேஸும் சந்திக்கும் முனையில், எதிர்ச்சாரியில், கைப்பேசியில் நியூயார்க் டால்ஸ் என்ற ராக் குழுவின் ஆல்பம் ஒன்றின் பின்னட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். படத்தில் ஐந்து பேர். பின்னால் ஜெம் ஸ்பா என்ற பெட்டிக்கடை. நேரில் அந்தக் கடை இல்லை, 2020 மே மாதமே மூடிவிட்டார்கள். அதே கோணத்தில் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் சரக்கு வண்டி ஒன்று குறுக்கே வந்து நின்றது.

நியூயார்க் டால்ஸ் குழுவின் முதல் ஆல்பம் அது, 1973. முன்னட்டையில் உதட்டுச்சாயமும் உயரமான செருப்புமாக ஐந்து ஆண்கள். பளபளக்கும் அலங்காரமும் முரட்டு ராக் இசையும் கலந்து, பின்னாளில் கிளாம் பங்க் என்று பெயர் வாங்கிய பாணிக்கு இவர்கள்தான் மூத்த பிள்ளைகள். கிதார் கலைஞர் சில்வெய்ன் சில்வெய்ன் வேலை பார்த்த துணிக்கடைக்கு எதிரே, உடைந்த பொம்மைகளைச் சரிசெய்யும் 'நியூயார்க் டால் ஹாஸ்பிடல்' இருந்ததாம். குழுவின் பெயர் அங்கிருந்து வந்தது. கெய்ரோவில் பிறந்த அவரும், பொகோட்டாவில் பிறந்த முதல் டிரம்மர் பில்லி மூர்சியாவும் இசைக்கு முன்பு ஸ்வெட்டர் செய்து விற்றவர்கள். அதனால் அந்த உடைகளை வெறும் வேஷம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தொழில் தெரிந்த கை அது. பாவம், ஆல்பம் வரும்வரை பில்லி இருக்கவில்லை. 1972 நவம்பரில் லண்டனில் இறந்துபோனார், வயது 21.

அங்கிருந்து மெர்சர் தெருவுக்கு நடந்தே போனேன். 1972இல் வாராவாரம் இவர்கள் வாசித்த மெர்சர் ஆர்ட்ஸ் சென்டர், பிராட்வே சென்ட்ரல் என்ற பழைய ஹோட்டலுக்குள் இருந்தது. ஆல்பம் வெளியாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 1973 ஆகஸ்ட் 3 மாலை அந்தக் கட்டடம் இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். இப்போது அங்கே சட்ட மாணவர்களின் விடுதி. வாசலில் ரொம்ப நேரம் நின்றதால் ஒரு பெண் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வேண்டாம் என்று கையசைத்தேன்.

ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 116ஆம் இடத்தைத் தாண்டவில்லை. க்ரீம் என்ற ராக் இசைப் பத்திரிகையின் வாசகர்கள் இவர்களைச் சிறந்த புதிய குழுவாகவும் தேர்ந்தெடுத்தார்கள், மிக மோசமான குழுவாகவும் தேர்ந்தெடுத்தார்கள்! 1974இல் வந்த இரண்டாவது ஆல்பமும் விற்கவில்லை. அப்புறம் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த மால்கம் மெக்லாரன் வந்து இவர்களுக்குச் சிவப்புத் தோலுடை மாட்டிவிட்டு, மேடைக்குப் பின்னால் அரிவாள் சுத்தியல் கொடியைத் தொங்கவிட்டார். 1975இல் ஃபுளோரிடா பயணத்தின் நடுவிலேயே கிதார் கலைஞர் ஜானி தண்டர்ஸும், பில்லிக்குப் பின் வந்த டிரம்மர் ஜெரி நோலனும் குழுவைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மெக்லாரன் லண்டன் திரும்பி செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை வளர்த்தார்.

என் மனதில் நிற்பது பாஸ் கிதார் வாசித்த ஆர்தர் கேன்தான். பின்னாளில் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் அவர்களுடைய வம்சாவளி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2004 ஜூனில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் குழு மறுபடி கூடியபோது போய் வாசித்தார். ஒரு மாதத்துக்குள் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். பாடகர் டேவிட் ஜோஹன்சனும் 2025 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். பின்னட்டை ஐவரில் இப்போது ஒருவரும் இல்லை.

ஜெம் ஸ்பா, எக் க்ரீம் என்ற பானத்துக்குப் பேர்போனது. முட்டையும் கிடையாது, க்ரீமும் கிடையாது. பால், சோடா, சாக்லேட் பாகு, அவ்வளவுதான். அவென்யூ ஏ-யில் ரேஸ் கேண்டி ஸ்டோரில் ஒன்று வாங்கினேன். நுரை அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டுமாம். நான் படம் எடுக்கப் போய், அது அடங்கியே போனது.