துணி கறுக்கவே இல்லை

என்னுடைய பழைய ரேஸ் சைக்கிளுக்கு எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எப்போதோ நேர் ஹேண்டில் மாட்டிவிட்டார். பிள்ளையார்பட்டி வரைக்கும் எதிர்க்காற்றில் மிதித்துப் பார்த்தால்தான் தெரியும், குனிந்து பிடிக்க இடமில்லாமல் நெஞ்சை நிமிர்த்தி ஓட்டுவது எவ்வளவு வெட்டி வேலை என்று. வளைந்த ஹேண்டில் வேண்டும் என்று காரைக்குடி சைக்கிள் கடைகளில் ஒரு சுற்று கேட்டேன். இப்போதைய சைக்கிளுக்கு வருகிற, நடுவில் 31.8 மில்லி விட்டமுள்ள ஹேண்டிலை வேண்டுமானால் வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். ஹேண்டிலின் நடுவைக் கவ்விப் பிடிக்கிற துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். என் ஸ்டெம்மின் வாய் 25.4. அது இதில் நுழையவே நுழையாது.

கடைசியில் கிடைத்தது முனீஸ்வரன் கோவில் தெருவில். ஆமாம், பழைய சாமான் கடைகள் இருக்கிற அதே தெருதான். மங்குச் சட்டிக்கும் ஊஞ்சல் சங்கிலிக்கும் நடுவில், சுவரில் ஆணியடித்து, கிடாய்க் கொம்பு மாதிரி மாட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரருக்கு அது அலங்காரச் சாமான். "சிங்கப்பூர்ல இருந்து வந்தது அண்ணே, வீட்டு முகப்புல மாட்டுனா அம்சமா இருக்கும்" என்று 1500 ரூபாயில் ஆரம்பித்தார். நான் சைக்கிளில் மாட்டத்தான் கேட்கிறேன் என்றதும் அவருக்கு ஆர்வமே போய்விட்டது, 600-க்குக் கொடுத்துவிட்டார். நடுவில் 'ஜப்பான்' என்று பொறித்திருந்தது. அலுமினியம், அகலம் 40 சென்டிமீட்டர்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்தேன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். விட்டம் அளக்கிற வெர்னியர் கையில் இல்லை. கடையில் பொட்டலம் கட்டுகிற நூலைக் கேட்டு வாங்கி, ஸ்டெம் கவ்வுகிற நடுப்பகுதியில் ஒரே ஒரு சுற்று சுற்றி, ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். சரியாக 80 மில்லி. 80-ஐ 3.14-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 25.5 வரும், அதாவது 25.4 அளவுதான். இத்தாலிக்காரர்களின் 26.0 அளவாக இருந்தால் நூல் கிட்டத்தட்ட 82 காட்டும். இரண்டு மில்லிதானே என்று விடக் கூடாது, 26-ஐ 25.4 ஸ்டெம்மில் நெம்பித் திணித்தால் ஸ்டெம் வாய் விரிந்து விரிசல் விடும். அப்புறம் அந்த நடுப்பகுதியையும் பிரேக் பிடி உட்கார்ந்திருந்த இடத்தையும் நகத்தால் வருடிப் பாருங்கள். குழாயைச் சுற்றி வளையமாக ஒரு கீறலில் நகம் மாட்டினால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம். இரும்பு வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் அந்த மரியாதையெல்லாம் கொடுக்காது, ஓடும்போதே படக்கென்று முறியும்.

சரி, பாலிஷ். ஹேண்டில் முழுக்க சாம்பல் பூத்து, அங்கங்கே வெள்ளைப் புள்ளி. மெட்டல் பாலிஷ் டின் ஒன்று வாங்கி, பழைய வேட்டித் துணியில் தொட்டுத் தொட்டு நான்கு நாள் சாயங்காலம் தேய்த்தேன், தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். அப்பத்தா திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேய்டா, விளக்கே பளபளன்னு ஆகுது, இது ஆகாதா?" என்றார். பித்தளை இல்லை அப்பத்தா என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு உருண்டை புளி வந்தது, அதுவும் வீண்.

பக்கத்துத் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார். சிக்ரி என்கிற, 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரிலேயே இருக்கும்போது நான் புளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஹேண்டிலை வாங்கிப் பார்க்கவில்லை. நான் தேய்த்த துணியை வாங்கிப் பார்த்தார். "துணி கறுக்கலையே தம்பி. நீங்க அலுமினியத்தை இன்னும் தொடவே இல்ல." வெறும் அலுமினியத்தை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணி கரியாகிவிடுமாம். இதில் அனோடைஸ் படலம் இருக்கிறது. அமிலக் கரைசலில் முக்கி மின்சாரம் செலுத்தி வளர்க்கிற அலுமினிய ஆக்ஸைடு, கனம் சில மைக்ரான்தான், ஆனால் படு கெட்டி. "ஆச்சி தோட்டுல இருக்கிற மாணிக்கமும் இதே ஆக்ஸைடுதான், கொஞ்சம் குரோமியம் சேர்ந்தா சிவப்பு" என்றார். மாணிக்கத்தைப் போய் நான் வேட்டித் துணியால் தேய்த்திருக்கிறேன்.

காஸ்டிக் சோடாவில் போட்டால் படலம் கரைந்துவிடும் என்று நான் எங்கோ படித்திருந்தேன். உண்மைதான், ஆனால் படலம் முடிந்ததும் அலுமினியத்தையும் விடாமல் தின்னும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கரைசல் குழாய்க்குள் போய்த் தங்கினால் கழுவி எடுப்பது பெரும்பாடு, கையில் பட்டால் வெந்துவிடும் என்று அடுக்கினார். விட்டுவிட்டேன். உப்புத்தாள்தான். 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து ஆரம்பித்தேன். முதல் பத்து நிமிஷம் கண்ணாடி மேல் தேய்ப்பது போல வழுக்கியது, பிறகு ஒரு இடத்தில் தாள் கவ்விப் பிடித்தது, வடிகிற தண்ணீர் கறுத்தது. அந்தக் கறுப்பைப் பார்த்து வந்த சந்தோஷம் இருக்கிறதே! அங்கிருந்து 600, 1000, 2000 என்று இன்னும் நைஸான தாளுக்கு ஏறினேன், ஒவ்வொன்றிலும் முந்தைய தாளின் கோடு மறையும் வரை. கடைசித் தேய்ப்பு குழாயின் நீளவாக்கில் மட்டும், சுற்றுவாக்கில் கோடு விழக் கூடாது. ஸ்டெம் கவ்வும் இடத்தை மட்டும் தொடவில்லை, அளவு குறைந்தால் ஹேண்டில் சுழலும். அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய பாலிஷ் டின்னுக்கு வேலை வந்தது. துணி கரியாகிப்போச்சு.

முடித்து மாட்டி, பிரேக் பிடியை வைத்து, கைப்பிடிக்கான டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டு வந்தபோதுதான் உறைத்தது. வளைவு முழுக்க டேப்புக்குள் போய்விட்டது. வெளியே தெரிவது ஸ்டெம்முக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு விரற்கடை. அப்பத்தா பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை, சிரித்ததோடு சரி. படலம் போன அலுமினியம் மறுபடி மங்கும் என்பதால் மாதம் ஒருமுறை அந்த எட்டு விரற்கடைக்குக் கொஞ்சம் மெழுகு பாலிஷ் போடுகிறேன்.

ஹேண்டில் முனைக்கு அடைப்பு கிடைக்கவில்லை. திறந்த குழாய் முனையோடு விழுந்தால் வயிற்றில் தோண்டிவிடும், அதனால் தெருக்கோடி ஆசாரியிடம் கேட்டேன். பழைய கதவில் மிஞ்சிய பர்மா தேக்குத் துண்டில் இரண்டு கடைந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஒன்று கொஞ்சம் தளர்வு, டேப்பின் நுனியைச் சுருட்டி உள்ளே திணித்து இறுக்கியிருக்கிறேன்.