உயிலைத் தேடி கவுன்ட்டி கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு

இங்கே கலிஃபோர்னியாவில் நம் ஆட்கள் யாராவது காலமாகிவிட்டால், காரியம் முடிந்த கையோடு ஊரிலிருந்து வரும் போன்களில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும்: உயில் எழுதியிருந்தாரா, அதைக் கோர்ட்டில் கொடுத்தார்களா, வீடு இப்போது யார் பெயரில் இருக்கிறது? உடனே எல்லோரும் வக்கீலைத் தேடுகிறார்கள். வக்கீல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், பல கேஸ்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் புரோபேட் ஃபைல் ஒன்று, அதாவது இறந்தவரின் உயிலையும் சொத்தையும் கோர்ட் மேற்பார்வையில் தீர்க்கும் கேஸின் ஃபைல், திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவர் தேவையில்லை. அது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம், உறவுக்காரர் என்று நிரூபிக்கக்கூட வேண்டாம். தெரிந்த குடும்பங்கள் சிலவற்றுக்காக இதில் கொஞ்சம் அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எந்தக் கவுன்ட்டி என்பது. இறந்தவர் கடைசியாக எங்கே நிரந்தரமாகக் குடியிருந்தாரோ அந்தக் கவுன்ட்டியில்தான் புரோபேட். ஸ்டான்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தாலும் வீடு ஃப்ரீமான்ட்டில் என்றால் அலமீடா கவுன்ட்டி கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். டெத் சர்டிஃபிகேட் மட்டும் இறந்த இடத்தை வைத்து வரும், அதனால் சர்டிஃபிகேட் சான்டா கிளாரா கவுன்ட்டியிலும் கேஸ் அலமீடாவிலும் இருப்பது சகஜம். ஊர்களை வைத்து ஊகிக்கவும் முடியாது: ஒட்டியே இருக்கும் மில்பிடாஸ் சான்டா கிளாரா, ஃப்ரீமான்ட் அலமீடா, டப்ளின் அலமீடா, அடுத்த தெருவு மாதிரி இருக்கும் சான் ரமோன் கான்ட்ரா கோஸ்டா. வீட்டு விலை தாங்காமல் மலை தாண்டி மவுன்டன் ஹவுஸ் போனவர்களுக்கு சான் வாக்கீன் கவுன்ட்டி, கோர்ட் ஸ்டாக்டனில். டெக்ஸஸில் ஃப்ரிஸ்கோ என்ற ஒரே ஊர் காலின், டென்டன் என்று இரண்டு கவுன்ட்டியில் பரவிக் கிடக்கிறது. சந்தேகமே வேண்டாம், சொத்து வரி பில்லை எடுத்துப் பாருங்கள், கவுன்ட்டி பெயர் மேலேயே இருக்கும். இந்தியாவில் குடியிருந்த அப்பாவுக்கு இங்கே ஒரு வீடு இருந்தது என்றால், அந்த வீடு இருக்கும் கவுன்ட்டி.

அப்புறம் எந்த ஆபீஸ். கலிஃபோர்னியாவில் 58 கவுன்ட்டிக்கும் ஆளுக்கொரு சுப்பீரியர் கோர்ட், அதற்குள் புரோபேட் பிரிவு. டெக்ஸஸில் கவுன்ட்டி கிளார்க்கைக் கேட்கவேண்டும். நியூயார்க், நியூஜெர்சி இரண்டிலும் சரோகேட் என்ற பெயரில் தேடணும், பென்சில்வேனியாவில் ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ், லூயிசியானாவில் கவுன்ட்டிக்குப் பதில் பாரிஷ், ரோட் ஐலண்டில் கவுன்ட்டியே கணக்கில்லை, அந்தந்த ஊரே நடத்துகிறது. சிலர் பேசர் தளத்தில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார்கள். அது ஃபெடரல் கோர்ட்டுக்கான தளம், உயில் சமாச்சாரம் அங்கே வராது.

நம்மவர்கள் உண்மையில் திண்டாடுவது பெயரில்தான். கோர்ட்டின் இணையத் தேடலில் லாஸ்ட் நேம் போடு என்று ஒரு கட்டம் இருக்கும். செந்தில்குமார் என்று ஒருவர், அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் முருகேசன் குடும்பப் பெயராக இருந்தால் ஃபைல் முருகேசன் என்ற பெயரில் கிடக்கும், செந்தில்குமார் என்று தேடினால் வராது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்திருந்தால் விசாவில் செந்தில்குமாரே லாஸ்ட் நேமாகி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்றெழுத்து உட்கார்ந்திருக்கும். பல பேருக்கு அது டிரைவிங் லைசென்ஸ்வரை ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. வீட்டுப் பத்திரத்தில் செந்தில் தனியாக, குமார் தனியாக. வங்கியில் எம். செந்தில்குமார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் லாஸ்ட் நேம் செந்தில்குமார், அவருடைய லாஸ்ட் நேம் முருகேசன் என்றால் அதோடு சேரவே சேராது. இதோடு டி போட்டு எழுதுவதா டிஹெச் போட்டு எழுதுவதா என்ற பஞ்சாயத்து வேறு. அதனால் ஒரு பெயரில் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாச் சேர்க்கையிலும் தேடுங்கள், முதல் நான்கைந்து எழுத்து மட்டும் போட்டுப் பாருங்கள், இறந்த தேதிக்குப் பிறகு பதிவான கேஸ் என்று வடிகட்டுங்கள். இதற்கும் வரவில்லை என்றால் கிளார்க்கிடம் எழுதிக் கேட்கலாம், கலிஃபோர்னியாவில் பத்து நிமிஷத்துக்கு மேல் தேடவேண்டியிருந்தால் 15 டாலர் கட்டணம். கேஸ் நம்பர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதை வைத்து என்னென்ன தாள்கள் எந்தெந்தத் தேதியில் தாக்கலாயின என்ற பட்டியலைப் பார்க்கலாம். தாள்களையே வீட்டிலிருந்து பார்க்க முடியுமா, நேரில் போகணுமா என்பது கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி மாறும். நகல் பக்கத்துக்கு 50 சென்ட்.

எவ்வளவு தேடியும் ஒன்றும் இல்லையா? அப்போது யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று சண்டைக்குக் கிளம்பவேண்டாம். இங்கே வீடு வாங்கிய பலர் லிவிங் டிரஸ்ட், அதாவது உயிரோடிருக்கும்போதே சொத்தை ஒரு டிரஸ்ட் பெயருக்கு மாற்றும் பத்திரம், எழுதி வைத்திருக்கிறார்கள், டிரஸ்டுக்குள் போன சொத்துக்கு புரோபேட்டே கிடையாது, கோர்ட்டில் தாளும் கிடையாது. கணவன் மனைவி ஜாயின்ட் டெனன்சியில் (ஒருவர் போனால் மற்றவருக்கே சேரும் கூட்டு உரிமை) வாங்கியிருந்தாலும் அப்படித்தான், ஒருவர் போனதும் மற்றவர் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தையும் டெத் சர்டிஃபிகேட்டையும் பதிவு செய்துவிட்டால் போதும். அது பதிவாகிற இடம் கவுன்ட்டி ரெக்கார்டர் ஆபீஸ், நம் ஊர் ரிஜிஸ்திரார் ஆபீஸ் மாதிரி. கோர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒன்றில் இருப்பது மற்றதில் தெரியாது. ஆகவே வீடு யார் பெயரில் என்ற கேள்விக்கு ரெக்கார்டரிடம் போகணும், உயில் எங்கே என்ற கேள்விக்குக் கோர்ட் கிளார்க்கிடம்.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. கேஸ் போடாவிட்டாலும் உயில் மட்டும் கோர்ட்டில் இருக்கலாம். கலிஃபோர்னியா சட்டப்படி அசல் உயில் யார் கையில் இருக்கிறதோ அவர், இறந்த செய்தி தெரிந்த 30 நாளுக்குள் அதைக் கோர்ட் கிளார்க்கிடம் ஒப்படைக்கணும், கட்டணம் 50 டாலர். எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுகிறவராக, பெயர் குறிக்கப்பட்டவருக்கு ஒரு நகல் அனுப்பணும். இப்படி ஒப்படைத்த உயில் வழக்குத் தேடலில் சில சமயம் சிக்காது, தனியாகக் கேட்கவேண்டும். டெத் சர்டிஃபிகேட்டின் சான்றிட்ட நகலைக் காட்டிக் கட்டணம் கட்டினால் கிளார்க் நகல் தருவார்.

பழைய ஃபைல்களைப் புரட்டுவது தனி ருசி. சான் வாக்கீன் கவுன்ட்டியில் 1945-இல் தலிப் சிங் பிர் என்ற பஞ்சாபிக்காரர் உயில் எழுதாமல் இறந்துபோனார். பஞ்சாபிலிருந்து இரண்டு பெண்கள், இருவருமே முறைப்படி தாலி... சரி, அங்கே தாலி இல்லை, முறைப்படி கல்யாணம் செய்துகொண்ட மனைவிகள் என்று சொல்லிச் சொத்தில் பாதிப் பாதி கேட்டார்கள். கீழ்க்கோர்ட் முதல் மனைவிக்கு மட்டும்தான் உரிமை என்றது. 1948-இல் மேல்முறையீட்டுக் கோர்ட் அதை மாற்றி, கல்யாணம் நடந்த ஊர் சட்டப்படி இருவரும் மனைவிகள், அவர் இருவரோடும் கலிஃபோர்னியாவில் குடித்தனம் நடத்த வந்தால்தான் இங்குள்ள பொதுக்கொள்கைக்குப் பிரச்சினை, சொத்தைப் பங்கிடுவதில் என்ன பிரச்சினை என்று கேட்டு இருவருக்கும் சரிபாதி கொடுத்தது. கடல் கடந்து வந்து வயலில் உழைத்த தலைமுறையைப் பற்றி இந்த மாதிரி ஃபைல்கள் சொல்வதை வேறெங்கும் படிக்கமுடியாது. ஆனால் எல்லா இடத்திலும் பழையது மிஞ்சவில்லை. சிகாகோ இருக்கும் குக் கவுன்ட்டியில் 1871 தீயில் எல்லாம் போயிற்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் பெரும்பகுதி 1906 நிலநடுக்கத்திலும் அதன் பின் வந்த தீயிலும். வர்ஜினியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் இருந்த மார்த்தா வாஷிங்டனின் உயில் உள்நாட்டுப் போரில் களவு போய், ஜே.பி. மார்கனின் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்து, வர்ஜினியா மாநிலம் வழக்குப் போட்ட பிறகு 1915-இல்தான் திரும்பியது. தப்பியவை நிறையவே ஃபேமிலி சர்ச் தளத்தில் இலவசமாகப் படமாக இருக்கின்றன.

சரி, ஃபைல் இல்லை, நாமே தாக்கல் செய்யவேண்டும் என்றால்? முதலில் அவசியமா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில், 2025 ஏப்ரல் 1 அன்றோ அதன் பிறகோ இறந்தவர் என்றால், புரோபேட்டுக்குக் கணக்கில் எடுக்கும் சொத்து 2,08,850 டாலருக்குள் இருந்தால் வங்கிக் கணக்கு போன்றவற்றை ஓர் அஃபிடவிட்டைக் காட்டியே வாங்கலாம், இறந்து 40 நாள் ஆகியிருக்கணும். அவர் குடியிருந்த வீடு 7,50,000 டாலருக்குள் என்றால் அதற்கும் ஒரு சுருக்கமான மனு போதும். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரமான பே ஏரியாவில் அந்த விலைக்கு வீடு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

முழு புரோபேட் என்றால் டிஇ-111 என்ற மனுவில் தொடங்கும், கட்டணம் பெரும்பாலான கவுன்ட்டிகளில் 435 டாலர். இணையத்தில் தாக்கல் செய்தாலும் அசல் உயில் தாளாகவே கிளார்க் கைக்குப் போகணும். மனுவின் தலைப்பிலேயே இறந்தவர் பெயர் வரும் இடத்தில் அவருடைய அத்தனை பெயர்களையும், அதாவது பத்திரத்தில் உள்ளது, வங்கியில் உள்ளது, எஃப்என்யு வந்தது, எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். சொத்தை நிர்வகிக்கக் கடைசியில் கோர்ட் தரும் அதிகாரக் கடிதத்தில் அந்தப் பெயர்கள்தான் இருக்கும், வங்கிக்காரர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார், விட்டுப்போனால் திருத்த மறுபடி கோர்ட்டுக்குத்தான் போகணும். அடுத்த தலைவலி வாரிசுகள் பட்டியல். பங்கு கிடைக்குமோ கிடைக்காதோ, உயிலில் பெயர் உள்ளவர், சட்டப்படி வாரிசானவர் எல்லோருடைய பெயர், உறவு, வயது, முகவரி வேண்டும், எல்லோருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் தபாலில் அறிவிப்பு போகணும். அண்ணன் மாம்பலத்தில் இருக்கிறார், பழைய எண் இவ்வளவு, புதிய எண் இவ்வளவு, பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து என்பதை இந்த ஃபாரத்தின் இத்தனூண்டு கட்டத்துக்குள் அடைப்பது ஒரு கலை. பின்கோடையும் ஊரையும் விட்டுவிடாதீர்கள், கோயிலை விட்டுவிடலாம்.

மனுவைப் பற்றிப் பத்திரிகையில் மூன்று தரம் விளம்பரம் வரணும், முதலாவது விசாரணைக்கு 15 நாளாவது முந்தி. அவர் வாழ்ந்த ஊரில் அதற்கென்று கோர்ட் ஏற்ற பத்திரிகைகள் இருக்கும், கோர்ட்டுக்குத் தரவேண்டிய அத்தாட்சியையும் அவர்களே பெரும்பாலும் தாக்கல் செய்துவிடுவார்கள், செய்தார்களா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு முன் கோர்ட்டின் புரோபேட் எக்ஸாமினர் ஃபைலைப் படித்துக் குறைகளை எழுதுவார். பல கவுன்ட்டிகளில் அந்தக் குறிப்பு இணையத்திலேயே வரும். இன்னாருக்கு அறிவிப்பு தபாலில் போனதற்கு அத்தாட்சி இல்லை, முன்பே இறந்த தம்பியின் இறந்த தேதி இல்லை என்கிற மாதிரித்தான் பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்த்துச் சரிசெய்யாமல் போய் நின்றால் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வக்கீல் ஃபீஸ் பற்றி ஒரு வார்த்தை, எனக்கு எரிச்சல் வரும் இடம் இது. கலிஃபோர்னியாவில் அதைச் சட்டமே நிர்ணயிக்கிறது: முதல் லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த லட்சத்துக்கு 3, அடுத்த 8 லட்சத்துக்கு 2, அதற்கு அடுத்த 90 லட்சத்துக்கு 1. கடன் கழிக்காத மதிப்பில். 15 லட்சம் டாலர் வீடு என்றால் 28,000 டாலர், அந்த வீட்டின் மேல் 10 லட்சம் கடன் பாக்கி இருந்தாலும் அதே 28,000. எக்ஸிகியூட்டரும் அதே அளவு கேட்கலாம். வழக்கமான வேலைக்கு இது உச்சவரம்புதான், குறைத்துக்கொள்ள வக்கீலிடம் பேசலாம், ஆனால் துக்கத்தில் இருக்கிற யாரும் பேரம் பேசுவதில்லை.

பொது ஆவணம் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. மனு பதிவான கொஞ்ச நாளில் வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறேன், உங்கள் பங்கின் மேல் இப்போதே பணம் தருகிறேன் என்று கடிதங்கள் வந்து குவியும். கோர்ட் பட்டியலை இதற்கென்றே மேய்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கக் கடிதம் போலவே அச்சடித்திருப்பார்கள், பயப்படாமல் குப்பையில் போடுங்கள்.

கடைசியில் அதிகாரக் கடிதம் கையில் வரும்போது சான்றிட்ட நகல்களை மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு, அதோடு வங்கிகள் பலவும் 60 நாளுக்குள் சான்றிட்டதுதான் வேண்டும் என்பார்கள். முதலில் எந்தெந்த இடத்துக்குப் போகப்போகிறீர்கள் என்று பார்த்து அத்தனை மட்டும் வாங்குங்கள், மீதியைத் தேவைப்படும்போது கிளார்க்கிடம் புதிதாகக் கேட்டுக்கொள்ளலாம்.