கால்வெஸ்டனில் ஒரு ஜூன் 19

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனிலிருந்து கால்வெஸ்டன் தீவுக்கு ஒரு மணி நேர ஓட்டம். எங்கள் கிறிஸ்தவச் சபை வேனில் பதினான்கு பேர் கிளம்பினோம். எல்லாருக்கும் சிவப்பு டி-சர்ட். என் மகளுக்கு அளவு கிடைக்காமல் முழங்கால் வரை தொங்கியது. பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் விரிய, முன் சீட்டில் இருந்த கிராண்ட்மா கண்ணை மூடி ஜெபித்தார். சபையில் எல்லாருக்கும் அவர் கிராண்ட்மாதான். வயது எண்பது தாண்டிவிட்டது.

எங்கள் சபையில் பாதிப் பேர் கறுப்பினத்தவர், தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். ஜூன் 19, அடிமைகளின் விடுதலையைக் கொண்டாடும் நாள். 2021-ல் அதற்கு நாடு முழுக்க விடுமுறை அறிவித்தபோதுதான் ஜூன்டீன்த் என்ற அதன் பெயரையே கேட்டேன். டெக்சஸில் 1980 முதலே அன்றைக்கு அரசு விடுமுறையாம். இங்குள்ள கறுப்பினச் சபைகளோ 1866 முதலே விடுதலையைக் கொண்டாடி வருகின்றன.

லிங்கன் விடுதலைப் பிரகடனம் செய்தது 1863 ஜனவரி 1-ல். உள்நாட்டுப் போரில் வென்ற வடபகுதியின், அதாவது யூனியன் படையின் தளபதி கார்டன் கிரேஞ்சர், அந்த விடுதலையை அறிவிக்கும் ஆணை எண் 3-ஐக் கால்வெஸ்டனில் வெளியிட்டது 1865 ஜூன் 19-ல். இரண்டரை வருட இடைவெளி. சேதி மெதுவாக வந்தது என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. சட்டத்தை அமல்படுத்தப் படை வந்து சேரவில்லை. அதுவரை டெக்சஸில் சுமார் இரண்டரை லட்சம் பேர் அடிமைகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். ஆணை வந்த பிறகும், அறுவடை முடியட்டும் என்று சேதியை மறைத்த முதலாளிகள் உண்டு.

அந்த ஆணை வெளியான இடத்தை ஒட்டிய சுவரில் 2021-ல் ஒரு பெரிய ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். ‘முழுமையான சமத்துவம்’ என்பது அதன் பெயர். ஆணையிலேயே உள்ள சொற்கள்தான். அதன் எதிரே வெகுநேரம் நின்றோம்.

மதியச் சாப்பாட்டில் எங்கே பார்த்தாலும் சிவப்பு: சிவப்பு சோடா, தர்பூசணி, ரெட் வெல்வெட் கேக். சிந்திய ரத்தத்தின் நினைவாக இந்தச் சிவப்பு என்று கிராண்ட்மா என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “பேபி, நீ தண்ணி குடிச்சியா? வெயில்ல நடக்கணும்” என்றார்.

வெயில் சாய்ந்ததும் பழைய கோர்ட் கட்டடத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1866 ஜனவரி 1-ல், விடுதலையான மக்கள் இதே போலக் கோர்ட்டிலிருந்து பிராட்வே தெருவில் இருந்த தங்கள் சபைக்கு நடந்துபோனார்கள். அந்தச் சபைதான் இன்றைய ரீடி சாப்பல். 1848-ல் அடிமைகளின் ஆராதனைக்காகத் தொடங்கப்பட்டது. 1885 தீ விபத்தில் கட்டடம் எரிந்துபோக, திரும்பக் கட்டினார்கள். ஆறாயிரம் பேருக்கு மேல் பலிகொண்ட 1900 புயலிலும் அந்தக் கட்டடம் நின்றது.

தூரம் அதிகமில்லை, ஆனால் கிராண்ட்மாவின் கைத்தடி வேகத்துக்கு நடந்ததால் நாங்கள் கடைசியில் இருந்தோம். வழியில் மூச்சு வாங்க நின்றபோது சொன்னார்: “என் பாட்டியோட பாட்டி பருத்திக் காட்டுல இருந்தாங்க. அவங்களுக்கு விடுதலைச் சேதி என்னைக்கு வந்துச்சுன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. அதனால இந்த நாளையே எங்க நாளா வெச்சிக்கிட்டோம்.”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சபை வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண்மணி எங்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு அட்டை விசிறி கொடுத்தார். ஒருவர் எழுந்து கிரேஞ்சரின் ஆணையை வாசித்தார். அடிமைகள் எல்லாரும் விடுதலை பெற்றவர்கள் என்ற வரி வந்ததும் “ஆமென்” என்று கூரை அதிர்ந்தது. ஆணை அதோடு முடிவதில்லை. விடுதலையானவர்கள் இப்போதிருக்கும் வீடுகளிலேயே அமைதியாகத் தங்கிக் கூலிக்கு வேலை செய்யும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள் என்றும், சும்மா இருந்தால் யாரும் சோறு போடமாட்டார்கள் என்றும் தொடர்கிறது. இருநூறு வருடத்துக்கும் மேலாகச் சும்மா உழைத்த மக்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை! அந்த வரிகளுக்கு ஆமென் வரவில்லை. விசிறிகள் அசையும் சத்தம் மட்டும் கேட்டது.

எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலையான கதையைச் சொல்லும் பைபிளின் யாத்திராகமத்தைச் சிறுவயதிலிருந்து எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். செங்கடலைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல் அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

பாடகர் குழு எழுந்தது. கிராண்ட்மா கைத்தடியை என் மகளிடம் கொடுத்தார். முன் பெஞ்சைப் பிடித்து மெல்ல நிமிர்ந்து, பிறகு அந்தப் பிடியையும் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தாளம் தட்டத் தொடங்கினார்.